ரேடியோவைக் கொஞ்சம் குறைச்சு வைங்க

தவமணிக்கு முதலில் சந்தேகம் வந்தது தன் ஞாபகத்தின் மேல்தான். 'மரத்தடி' நிகழ்ச்சியை முடித்து, ஹெட்போனைக் கழற்றி வைத்துவிட்டுப் பஸ் ஏறிய பிறகும், எதையோ சொல்ல மறந்துவிட்டது போலவே இருந்தது. நேரம் சொல்லியாயிற்று. அலைவரிசை சொல்லியாயிற்று. நாளை சந்திப்போம் என்றும் சொல்லியாயிற்று. சின்னாளப்பட்டி தாண்டும்போதுதான் பொறி தட்டியது. "ரேடியோவைக் கொஞ்சம் குறைச்சு வைங்க" என்று அன்று ஒருவரிடம்கூட அவள் சொல்லவில்லை. யோசித்துப் பார்த்தால், சில மாதங்களாகவே சொல்லவில்லை.

இது மற்றவர்களுக்கு அற்ப விஷயம். மலையோரம் பண்பலையில் வேலை செய்தவர்களுக்கு அப்படியில்லை. நேரலைக்குப் போன் போடுகிற எந்த நேயரும் தன் குரல் ரேடியோவில் வருகிறதா என்று கேட்காமல் இருக்கமாட்டார். ரேடியோவைக் காதுக்குப் பக்கத்திலேயே அலறவிட்டுக்கொண்டுதான் பேசுவார். அந்தச் சத்தம் போனுக்குள் புகுந்து, நிலையத்துக்கு வந்து, திரும்ப ரேடியோவுக்கே போய், நாய் ஊளையிடுவது போல ஒரு சத்தம் எழும். அறிவிப்பாளர் கெஞ்சுவார். நேயர் குறைப்பார். ஒரு நிமிடம் கழித்து ஆசை தாங்காமல் மறுபடி கூட்டுவார். கல்லூரிப் பிள்ளைகள் நிலையத்துக்கு வைத்திருந்த பட்டப்பெயரே 'கொறைங்க எஃப்.எம்.'

கல்லூரியின் பழைய வேதியியல் கிடங்கில், சுவரெல்லாம் முட்டை அட்டை ஒட்டி ஆரம்பித்த நிலையம் அது. தொடக்க நாளில் மாணவியாக வந்து மைக் முன்னால் நின்று தும்மியவள் தவமணி. அந்தத் தும்மல்தான் மலையோரத்தின் முதல் ஒலிபரப்பு என்று இன்றைக்கும் கிண்டல் செய்வார்கள். காலையில் விவசாயத்துக்கு 'மண்ணும் மழையும்', மதியம் பெண்களின் உடல்நலத்துக்கு 'அஞ்சறைப்பெட்டி', பிள்ளைகளின் வினாடி வினா, மாலை ஐந்துக்கு 'மரத்தடி'. செய்தி வாசிக்க உரிமம் கிடையாது. ஆனால் எந்தக் கண்மாய் உடைந்தது, யார் வீட்டு மாடு தொலைந்தது என்று மரத்தடியில் பேசாத பேச்சில்லை. அப்படியிருந்த ஜனம் எல்லாம் ஒரே நாளில் ரேடியோவைக் குறைத்து வைக்கக் கற்றுக்கொண்டதா? நாய் வாலை நிமிர்த்தினாலும் நிமிர்த்தலாம், இது நடக்காது.

மறுநாள் காலை ஒலிப்பதிவாளர் ஹபீபுல்லாவைப் பிடித்துக்கொண்டாள்.

"ஹபீபு, உண்மையச் சொல்லு. எனக்குப் போன் பண்றது யாரு?"

அவன் கேபிளைச் சுருட்டிக்கொண்டே இருந்தான். சுருட்டி முடித்ததை அவிழ்த்து மறுபடி சுருட்டினான்.

"அக்கா, உங்களுக்கு டைபாய்டு வந்தப்ப காலை அறிவிப்புக்கு உங்க குரல மெஷின்ல ஏத்தினோம்ல? துணைக்குரல்னு. கையெழுத்துகூடப் போட்டீங்க."

"அதுக்கென்ன?"

"அந்த மெஷினக் குடுத்த கோயம்புத்தூர் கம்பெனிக்காரங்க வருசக்கணக்கா நாம சேத்து வச்சிருக்கிற பதிவு அம்புட்டையும் அதுக்குக் கேக்கக் குடுத்தாங்க. இப்ப லைன் காலியா இருந்தா அதுவே ஒரு நேயரா வந்து பேசும். ஊரு, பேரு, பாட்டு எல்லாம் அதுவே போட்டுக்கும்."

"நேத்து கம்பிளியம்பட்டிலருந்து ஒரு அண்ணன் பேசினாரே. பொண்ணுக்கு வளைகாப்புன்னு. நான் பாட்டெல்லாம் போட்டேனே!"

ஹபீபு தலையைக் குனிந்துகொண்டான். தவமணிக்கு உடம்பெல்லாம் கூசியது. பிறக்கவே போகாத பிள்ளைக்குத் தாலாட்டுப் பாட்டைத் தேடித்தேடிப் போட்டிருக்கிறாள்.

கல்லூரித் தாளாளர் சௌந்தரபாண்டியன் அவளை உட்காரவைத்து, காபி வரவழைத்துவிட்டுத்தான் பேச ஆரம்பித்தார். கோபமாக வருகிறவர்களுக்குச் சூடாக எதையாவது கையில் கொடுத்துவிட வேண்டும் என்பது அவர் நிர்வாகம்.

"யாருக்கு நட்டம், சொல்லுங்க தவமணி. கல்யாண வீட்டுல மொதப் பந்தில ஆள் உக்காரலேன்னா, நாமளே நாலு சொந்தக்காரங்கள உக்கார வைக்கிறதில்லையா? அதப் பாத்துட்டு மத்தவங்க வருவாங்க."

"அங்க உக்கார வைக்கிறது மனுசங்கள சார். பொம்மைய இல்ல."

"போன் வரலேன்னா உரிமத்தைப் புதுப்பிக்கறப்ப நான் என்னத்தைக் காட்டுறது? இப்பல்லாம் எவன்மா ரேடியோ கேக்குறான்? நிலையத்த மூடிட்டா நீங்களும்தான் வீட்டுல இருக்கணும்." அப்புறம் குரலைத் தாழ்த்தி, உண்மையான வியப்போடு கேட்டார். "கம்பெனிக்காரன் பெத்த தாயே வந்தாலும் வித்தியாசம் தெரியாதுன்னான். நீங்க எப்படிக் கண்டுபிடிச்சீங்க?"

கேட்ட விதத்தில் தவமணிக்குக் கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது. ஊளை வரவில்லை, ரேடியோவைக் குறைக்கச் சொல்லவில்லை என்று விலாவாரியாகச் சொன்னாள். தவளை தன் வாயால் கெடும் என்பது அறிவிப்பாளர்களுக்கும் பொருந்தும்.

"அப்படியா," என்றார் தாளாளர். பேனாவைத் திறந்து எதையோ குறித்துக்கொண்டார்.

அதன்பிறகு தவமணி ஒரு முடிவுக்கு வந்தாள். மெஷினை நிறுத்த அவளால் முடியாது. அதோடு குலாவாமல் இருக்க முடியும். ஊளை வந்தால் மனிதர், வராவிட்டால் மெஷின். ஊளையில்லாத அழைப்பைப் பட்டென்று முடித்துவிட்டுப் பாட்டைப் போட்டாள். வாடிப்பட்டியிலிருந்து பேசிய ஒரு ஓய்வுபெற்ற தபால்காரரிடம், "உங்க வீட்டு ரேடியோ எங்க?" என்று போலீஸ் மாதிரி கேட்டாள். முன்பெல்லாம் மைக் பொத்தானை அழுத்தினால் ஊரே எதிரில் உட்கார்ந்திருப்பதுபோல் இருக்கும். இப்போது ஒவ்வொரு வணக்கத்தையும் முகர்ந்து பார்க்க வேண்டியிருந்தது.

அடுத்த வாரத்தில் ஒரு நாள் அந்த அழைப்பு வந்தது. சின்னக் குரல். ரகசியம் பேசுவதுபோல் இருந்தது. பின்னால் ரேடியோ இல்லை, ஊளை இல்லை, ஒன்றுமே இல்லை.

"அக்கா, நான் முத்துப்பேச்சி பேசுதேன். மில்லு ஆஸ்டல்லருந்து. வார்டனம்மா சாப்பாட்டு ஹால்ல இருக்காவ, அங்கதான் உங்க ரேடியோவப் பெருசாப் போடுவாவ. நான் அவுக ரூம்லருந்து பேசுதேன்."

"சொல்லும்மா," என்றாள் தவமணி வறட்சியாக.

"எங்கூட இருக்கப் பிள்ள செல்வமலருக்குக் காய்ச்சலு கொதிக்கிக்கா. கண்ணு செருகுது. ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போவச் சொன்னா ஏசுதாவ. ஊருக்கு அனுப்பச் சொன்னாலும் விடமாட்டேங்காவ. ராத்திரி வெளிய பூட்டிருதாவ. யார்ட்டயாவது சொல்லுங்கக்கா."

தவமணிக்குப் பற்றிக்கொண்டு வந்தது. வளைகாப்பு போய் இப்போது கண்ணீருக்கு வந்துவிட்டதா? பாட்டுக் கேட்டு ஏமாற்றியது போதாதென்று, நோயைக் காட்டி ஏமாற்றவும் பழகிக்கொண்டதா?

"இதெல்லாம் எங்கிட்ட வேணாம்," என்றாள். "வேற யாருகிட்டயாவது போய் நடி." இணைப்பைத் துண்டித்தாள்.

அடுத்த அழைப்பில் காதைக் கிழிக்கிற ஊளை வந்தது. "அக்கா, நான் சாணார்பட்டிலருந்து..." அவளுக்குக் கண்ணீரே வந்துவிட்டது. எத்தனை நாளாயிற்று! "அண்ணே, ரேடியோவைக் கொஞ்சம் குறைச்சு வைங்கண்ணே!" என்று சிரித்தாள். அன்று தொடர்ந்து எல்லா அழைப்பும் ஊளையோடுதான் வந்தன. ஜனம் திரும்பி வந்துவிட்டது என்று சந்தோஷமாக வீட்டுக்குப் போய், கூட ரெண்டு தோசை சாப்பிட்டாள்.

காலையில் ஹபீபு வாசலிலேயே காத்திருந்தான். முகம் சரியில்லை.

"அக்கா, ரெண்டு நாளைக்கு முந்தி கம்பெனிக்காரன் மெஷினுக்குப் புதுசா ஒண்ணு கத்துக் குடுத்திருக்கான். ரேடியோ சத்தம் பின்னால கேக்குற மாதிரி. ஊளை வர்ற மாதிரி."

தவமணி கைப்பையை மேசைமேல் வைத்தாள்.

"அப்ப நேத்து பேசினவங்க?"

"ஊளை விட்டதெல்லாம் மெஷின். நான் மாஸ்ட்டு டவர் மேல ஏறி வயர் பாத்துட்டு இருந்தேன், அப்ப கவனிக்கல. இப்பத்தான் கம்ப்யூட்டர்ல பாத்தேன். நேத்து வெளிய இருந்து நிசமா வந்த போன் ஒண்ணே ஒண்ணுதான். லேண்ட்லைன்." நம்பரைக் காட்டினான். "கூப்பிட்டுப் பாத்தேன். மில் ஹாஸ்டல் வார்டன் எடுத்தாக."

'போய் நடி' என்றல்லவா சொன்னாள்! அதையும் நேரலையில். சாப்பாட்டு ஹாலில் பெரிதாக வைத்திருந்த ரேடியோவில் வார்டன் முழுவதையும் கேட்டிருப்பாள்.

மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலுவலகத்துக்குப் போன் போட்டாள். எஸ்தர் என்ற அதிகாரி பேசினார். விவரங்களைக் கேட்டுக்கொண்டு, மறுநாள் மதியத்துக்கு மேல் நேரில் போகலாம், நீங்களும் வாருங்கள் என்றார். அதற்கு முன்னால் இன்னொரு 'மரத்தடி' இருந்தது. போகாமல் இருக்கலாம் என்று பார்த்தாள். அந்தப் பெண் மறுபடி கூப்பிட்டால் எடுக்க ஆள் வேண்டுமே என்று போய் உட்கார்ந்தாள்.

கூப்பிட்டாள். பாட்டு முடிந்து போன் விளக்கு எரிந்ததும் அதே சின்னக் குரல்.

"அக்கா, நான் மில்லுலருந்து முத்துப்பேச்சி பேசுறேன்."

"முத்துப்பேச்சியா! தாயி, எப்படிம்மா இருக்க? செல்வமலர் எப்படி இருக்கா?"

"எல்லாரும் நல்லாருக்கோம்க்கா. சாப்பாடெல்லாம் நல்லாப் போடுறாக. நேத்து சும்மா வெளாட்டுக்குச் சொன்னேன். ஒரு நல்ல பாட்டாப் போடுங்கக்கா."

போன உயிர் திரும்பி வந்தது போலிருந்தது. அடுத்த மூச்சிலேயே நின்றது. பின்னால் ஊளை. அதோடு, நேற்று 'பேசுதேன்' என்ற தென்காசிப் பக்கத்துப் பிள்ளை இன்று திண்டுக்கல்காரி மாதிரி 'பேசுறேன்' என்கிறது. நிலையத்துப் பதிவுகளில் இருப்பதெல்லாம் இந்த ஊர்ப் பேச்சுத்தானே!

பாட்டைப் போட்டுவிட்டு ஹபீபுவின் அறைக்கு ஓடினாள்.

"யார்டா செய்யச் சொன்னது? தாளாளரா? மில்லுக்காரனா? நம்ம மாஸ்ட்டே அவன் குடுத்த நன்கொடைதானே?"

"யாரும் சொல்ல வேணாம்க்கா. புதுக் குரல் வந்தா அதுவே எடுத்து வச்சுக்கும். சண்டை, புகார் எதுவும் நிகழ்ச்சிக்கு ஆகாதுன்னு அதுக்குச் சொல்லியிருக்கு. அதனால நல்லபடியா மாத்திப் பேசியிருக்கு. அதுக்குத் தெரிஞ்சது அம்புட்டுத்தான்."

யாராவது திட்டமிட்டுச் செய்திருந்தால்கூட அவளுக்கு ஆறுதலாக இருந்திருக்கும். திட்டுவதற்கு ஒரு முகம் கிடைத்திருக்கும்.

மறுநாள் தவமணியும் எஸ்தரும் மில் வாசலுக்குப் போய்ச் சேர்ந்தபோது மணி நாலரை ஆகியிருந்தது. உயரமான மதில், பச்சைப் பெயின்ட் அடித்த இரும்புக் கேட். மேலாளர் வெளியே வந்து, கேட்டைப் பின்னால் சாத்திக்கொண்டுதான் வணக்கம் சொன்னார்.

"முத்துப்பேச்சியா? நல்லாருக்கா மேடம். நேத்து இவங்க ரேடியோலயே பேசினாளே! நல்லாருக்கேன், சாப்பாடு நல்லாப் போடுறாகன்னு ஊரே கேட்டுச்சு."

"அது மெஷின்," என்றாள் தவமணி.

"முந்தாநாள் அழுதது?"

"அது நிசம்."

மேலாளர் எஸ்தரைப் பார்த்துப் பரிதாபமாகச் சிரித்தார். "காலேஜ்ல ஒரு கம்ப்யூட்டர் வாங்கி வச்சிருக்காங்க மேடம். அதுவே பேசும், அதுவே அழும். இவங்களும் அதே ரேடியோ. இதுல எத நம்பி நீங்க உள்ள வர்றீங்க?"

எஸ்தர் தவமணியைத் தனியே கூட்டிப்போனார். கெட்ட மனுஷி இல்லை. ஆனால் பலமுறை சூடுபட்டவர் என்பது பேச்சிலேயே தெரிந்தது.

"ரெண்டும் ஒரே குரல். ஒண்ணு மெஷின்னு நீங்களே சொல்றீங்க. எது மெஷின்னு நான் எழுத்துல எப்படி எழுதுறது? முதல் அழைப்பு நிஜம்னு அப்பவே தெரிஞ்சிருந்தா நீங்க ஏங்க கட் பண்ணீங்க?"

தவமணியிடம் இருந்த ஒரே பதில் வெட்கக்கேடானது.

"நாளைக்குக் கலெக்டர்கிட்ட ஆர்டர் வாங்கிட்டு வர்றேன்," என்றார் எஸ்தர்.

நாளை வருவதற்குள் காய்ச்சல்காரப் பிள்ளையை வேனில் ஏற்றி எங்காவது இறக்கிவிடுவார்கள். மேலாளரின் முகத்திலேயே அந்த வேன் நின்றது. தவமணி சாலையைத் தாண்டி எதிரே இருந்த டீக்கடைக்குப் போய் பெஞ்சில் உட்கார்ந்தாள். எஸ்தர் ஜீப் பக்கம் நின்று யாரிடமோ போனில் பேசிக்கொண்டிருந்தார்.

டீக்கடையில் ரேடியோ பாடியது. பாட்டு முடிந்து, "வணக்கம் நேயர்களே, மரத்தடிக்கு வந்திருக்கீங்க. நான் உங்க தவமணி," என்றது.

கடைக்காரர் அவள் முகத்தைப் பார்க்கவில்லை. பார்த்தாலும் அவருக்குத் தெரிந்திருக்காது. குரலைத் தெரிந்தவர்களுக்கு அவள் முகம் தெரியாது. அவள் வராவிட்டாலும் மரத்தடி நடக்கும் என்று யாரும் அவளிடம் சொல்லவில்லை. மெஷினுக்குத் தும்மல்கூட வராது. அவளைவிட நன்றாகவே பேசியது.

வந்தது கோபமா அழுகையா என்று பிரித்துப் பார்க்க நேரமில்லை. மதிலுக்கு அந்தப் பக்கம் இதே குரல் சாப்பாட்டு ஹாலில் ஒலித்துக்கொண்டிருக்கும். காபி நேரம். அவ்வளவு பெண்களும் அங்கேதான் இருப்பார்கள். போனை எடுத்து, வருஷக்கணக்காக மற்றவர்களுக்குச் சொல்லிக்கொண்டிருந்த நிலையத்தின் எண்ணை முதல்முறையாக அழுத்தினாள்.

"வணக்கம், மரத்தடி. யார் பேசுறீங்க?" என்றது அவள் குரல்.

"தவமணி பேசுறேன். மில் கேட்டுல நிக்கிறேன்."

டீக்கடை ரேடியோவிலிருந்து ஊளை கிளம்பியது. உடனே அவள் குரல் இனிமையாகச் சொன்னது:

"ரேடியோவைக் கொஞ்சம் குறைச்சு வைங்க."

கடைக்காரர் நல்ல மனுஷன். சொன்ன சொல்லுக்குக் கட்டுப்பட்டு ரேடியோ பக்கம் கையை நீட்டினார்.

"கொறைக்காதீங்கண்ணே!" என்று கத்தினாள் தவமணி. "நல்லாக் கூட்டி வைங்க!"

பிறகு போனைப் பார்த்துப் பேசினாள். "மில்லுக்குள்ள இருக்கிற பிள்ளைகளா, நான்தான் பேசுறேன். அன்னைக்கு முத்துப்பேச்சி சொன்னது அம்புட்டும் உண்மை. மெஷின்னு நெனச்சு நான்தான் தாயி கட் பண்ணிட்டேன். நேத்து சிரிச்சுப் பேசினது அவ இல்ல, காலேஜ் மெஷின். அவ உங்களக் காட்டிக் குடுக்கல. வெளிய ஆபீசர் அம்மா நிக்கிறாங்க. ரேடியோல எது பேசினாலும் அவங்க நம்பமாட்டாங்க. உள்ள கையில தட்டு இருக்குல்ல? தட்டுங்க. செவத்தத் தாண்டிக் கேக்குற மாதிரித் தட்டுங்க!"

ரேடியோவில் அவள் பேச்சு ஊளையோடு ஊளையாக வந்துகொண்டே இருந்தது. புகார் ஆகாது என்று பழகிய மெஷின் இந்நேரம் துண்டித்திருக்க வேண்டும். துண்டிக்கவில்லை என்றால், அங்கே ஹபீபு எதையோ அழுத்திப் பிடித்துக்கொண்டிருக்கிறான் என்று அர்த்தம். அவனுக்கு நாளைக்கு வேலை இருக்காது.

மதில் பக்கம் அமைதியாக இருந்தது. மேலாளர் கேட்டில் சாய்ந்து நின்றார். யாருமே கேட்கவில்லை போலிருக்கிறது, இத்தனை வருஷமும் காலி மைதானத்தைப் பார்த்துத்தான் பேசிக்கொண்டிருந்தோமோ என்று தவமணிக்கு வாய் கசந்தது.

ஒரு தட்டுச் சத்தம் கேட்டது. எவர்சில்வர் தட்டைக் கரண்டியால் அடிக்கிற சத்தம். அப்புறம் இன்னொன்று. அதற்குப் பிறகு எண்ண முடியவில்லை. மதிலே கலகலத்தது. டீ குடித்துக்கொண்டிருந்தவர்கள் தம்ளரோடு எழுந்து நின்றார்கள். எஸ்தர் போனைப் பைக்குள் போட்டுவிட்டுச் சாலையைத் தாண்டி நேராகக் கேட்டுக்குப் போய்விட்டார்.

"தெறங்க," என்றார். "எது மெஷின்னு இப்ப எனக்குத் தெரியும்."

செல்வமலரை ஜீப்பில் படுக்கவைத்தார்கள். கண் செருகித்தான் இருந்தது, மூச்சு இருந்தது. ஸ்டோர் ரூமில் அடைத்து வைத்திருந்த முத்துப்பேச்சியைக் கடைசியாகத்தான் கூட்டி வந்தார்கள். தவமணி நினைத்ததைவிடச் சின்னவள். கன்னத்தில் கைவிரல் தடம். கூட வந்த பெண்கள் அவளை நெருங்காமல் தள்ளியே நடந்தார்கள்.

"நேத்து பேசினது நான் இல்லக்கா," என்றாள் முதல் வார்த்தையாக. "இவளுவட்டச் சொல்லுங்க. இப்பவும் பாதிப் பேரு நம்ப மாட்டேங்காளுவ."

"தெரியும் தாயி. நான் சொல்றேன்."

பிள்ளை அழுதுகொண்டே அவள் பக்கம் ரெண்டு எட்டு வைத்தது. அந்நேரம் பார்த்து எதிர்க் கடை ரேடியோ பேசியது. கடைக்காரர் சத்தத்தைக் குறைக்கவே இல்லை. "இன்றைய மரத்தடி இத்துடன் நிறைவடைகிறது. நாளை மாலை மீண்டும் சந்திப்போம். அன்புடன், உங்கள் தவமணி."

முத்துப்பேச்சி நின்றாள். ரேடியோவைப் பார்த்தாள். பிறகு தவமணியின் வாயைப் பார்த்தாள். வைத்த ரெண்டு எட்டில் ஒன்றைப் பின்னால் எடுத்துக்கொண்டாள்.

"அங்க பேசுதது தவமணியக்கான்னா, நீங்க யாரு?"

இருபது வருஷமாகப் பேசியே பிழைத்தவள் அவள். இப்போது எந்த வார்த்தையைச் சொன்னாலும் அதையும் மெஷின் சொல்லும். தவமணி கையை மட்டும் நீட்டினாள், தொட்டுப் பார்க்கட்டும் என்று.